கழுகைத் தொந்தரவு செய்ய அனுமதி கோரி

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. ஓர் அரசாங்கப் படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில் உதித்தது.

'செய்ய உத்தேசித்துள்ள செயலை விவரிக்கவும்' என்று அந்தக் கட்டம் கேட்டது. நாலு வரி இடம். லுண்டே ஏரி என்ற சிற்றூரின் ஊராட்சி அலுவலகத்தில் செவ்வாயும் வியாழனும் உட்கார்ந்து ஊராருக்குப் படிவம் நிரப்பித் தருவது என் வேலை. நாய் லைசென்ஸ், கழிவுக்குழி, பனிவண்டிப் பதிவு எதுவானாலும் நாலு வரிக்குள் அமுக்கிவிடுவேன். அன்று பேனா நிற்கவில்லை. நாலாவது வரி முடிந்தது. ஓரத்தில் ஏறினேன். பின்பக்கம் திரும்பினேன். தனித்தாள் எடுத்தேன். மூன்றாவது தனித்தாளில் 'அப்போதுதான் அது நடந்தது!' என்று எழுதிக்கொண்டிருக்கையில், எதிர் நாற்காலியிலிருந்து, படிவத்துக்காக வந்திருந்த ஆர்லிஸ் என்ற பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"ஃபாரம் நிரப்புறியா, தொடர்கதை எழுதுறியா?"

"விவரமா கேட்டிருக்காங்களே."

"மரம் அறுக்கணும். அவ்வளவுதான் விவரம். இதுக்கு எதுக்கு ஆச்சரியக்குறி?"

அவர் சொன்னபடியே எழுதினேன். மரம் அறுக்க வேண்டும், முற்றுப்புள்ளி. மீந்த மூன்று தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

2

தொடக்கம் ஒன்று வேண்டும். தமிழ் வாரப் பத்திரிகை வளர்த்த கை இது. முதல் பாராவில் யாராவது செத்துக்கிடக்காவிட்டால் இரண்டாவது பாராவுக்கு ஆள் வராது என்பது எலும்பில் ஊறிய நம்பிக்கை.

முதல் முயற்சி: மில் வாசலில் ரத்தம். ஆர்லிஸ் குனிந்து தொட்டார். ஈரம் காயவில்லை. நிமிர்ந்தார். எண்பதடி உயரத்தில் கொலைகாரன் அவரையே —

(அடித்துவிட்டேன். ரத்தம் ஒரு மீனுடையது. கொலைகாரன் குடும்பஸ்தன்.)

இரண்டாவது முயற்சி: வானத்தைக் கிழித்துக்கொண்டு கழுகு அலறியது. கேட்டவர்களின் முதுகுத்தண்டு —

(இதுவும் போச்சு. சினிமாவில் வெண்தலைக் கழுகு வாயைத் திறக்கும்போது கேட்கிறதே ஓர் அலறல், அது பெரும்பாலும் வேறொரு பருந்தின் குரல். ஒட்டிவிடுகிறார்கள். நிஜக் கழுகுக்கு வருவது, யாரோ கிச்சுகிச்சு மூட்டினாற்போல் ஒரு கீச்சுச் சிரிப்பு. அது குடியிருக்கும் மரத்துக்கு எதிர்ச்சாலையில்தான் என் வீடு. என் முதுகுத்தண்டுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.)

மூன்றாவது முயற்சி. பிணம் இல்லாமல், நேராக.

ஆர்லிஸ் ப்ரெக்கெஸ்டாடுக்கு வயது அறுபத்தொன்று. ஏரிக்கரையில் மர மில் வைத்திருக்கிறார். நெஞ்சுயரத்துக்கு ஒரு வட்ட ரம்பம், அதைச் சுற்ற ஒரு டீசல் எஞ்சின். மில்லிலிருந்து எண்பது எட்டு வைத்தால் ஒரு வெள்ளைப் பைன் மரம். உச்சியில் கழுகுக் கூடு. கூட்டில் முட்டை.

இந்த மார்ச் மாதம் விழுந்த ஈரப்பனியின் பாரம் தாங்காமல் சர்ச் தோட்டத்தில் ஏழு பைன்கள் சாய்ந்தன. அதில் ஒன்று சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்து ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டியது. பனி உருகி உள்ளே இறங்கி, தரைப்பலகை அத்தனையும் அப்பளமாக உப்பிக்கொண்டது. விழுந்த மரத்தை அறுத்தே புதுத்தரை போட்டுத் தருகிறேன் என்று ஆர்லிஸ் பாஸ்டர் ஹாகனிடம் சொல்லிவிட்டார். முப்பத்தொரு கட்டைகள் மில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன.

பைன் கட்டை காத்திருக்காது. வெயில் ஏறினால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு இறங்கும். ஆகவே கெடு: மே மாதத்து முதல் திங்கட்கிழமை. அதற்குள் அறுக்காவிட்டால் நகரத்துப் பெரிய மில்லின் லாரி வந்து கட்டைகளை அள்ளிக்கொண்டு போய், அங்கே அறுத்துத் தரும்.

"லாரி வந்து அள்ளிட்டா மில்லை வித்துடுவேன்" என்றார் ஆர்லிஸ், நாளைக்கு மேகமூட்டம் என்று சொல்கிற குரலில். "பிரைனர்டு ஊர்க்காரன் ஒருத்தன் விலைக்கு மூணு தடவை கேட்டுட்டான். ஒரு சர்ச் தரைகூட அறுக்க முடியாத மில் எதுக்கு எனக்கு?"

அறுத்தால்? ரம்பத்தின் சத்தத்தில் தாய்க்கழுகு எழுந்து போகலாம். ஏப்ரல் குளிரில் முட்டை விறைத்துவிடும். கழுகை அப்படித் தொந்தரவு செய்வது மத்திய அரசாங்கச் சட்டப்படி குற்றம். ஆனால் தொந்தரவு செய்ய முன்அனுமதி வாங்கலாம். அதற்குத்தான் அந்தப் படிவம்.

பிணம் இல்லையே என்று ஏங்கினேன் அல்லவா? இப்போது பாருங்கள். ஒரு பக்கம் முட்டைகள், மறுபக்கம் மில். இரண்டில் ஒன்று உயிரோடு இருக்கும் போலிருக்கிறது.

3

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். கொட்டாவி வந்தால் விடுங்கள். நானும் விட்டேன்.

கூடு வருவதற்கு முன்பிருந்தே நடந்துவரும் வேலை, அதே அளவில் தொடர்ந்து நடந்தால், பொதுவாக யாரும் வந்து கேட்பதில்லை. கழுகுக்குக் கண் இருக்கிறது, காதும் இருக்கிறது. ரம்பம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டேதானே குச்சி பொறுக்கிக் கூடு கட்டியது? அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அதாவது, மூன்று வருடம் முன்பு பிப்ரவரியில் அந்த ஜோடி முதல் குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, ஆர்லிஸ் பாட்டுக்கு அறுத்துக்கொண்டே இருந்திருந்தால், இன்று படிவமும் இல்லை, இந்தக் கதையும் இல்லை.

ஆர்லிஸ் ரம்பத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். மேலே பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

"குழந்தை பெத்துக்க வந்திருக்காங்க. பக்கத்துல நின்னு ரம்பம் ஓட்டினா நல்லாவா இருக்கும்?"

மரியாதை. இந்த ஊர்க்காரர்களுக்கு மருந்தே இல்லாத வியாதி இது. சர்ச் விருந்தில் தட்டில் கடைசித் துண்டு கேக் இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டிக்கொள்வார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. தட்டைக் கழுவும்போது ஒரு நூல் அகலத்துக்குக் கேக் நின்றுகொண்டிருக்கும்.

மில்லை நிறுத்தியதோடு ஆர்லிஸ் விடவில்லை. சாலையோரம் தன் கையால் ஒரு பலகை எழுதி நட்டார். 'கழுகு அடைகாக்கிறது. மில் மூடியிருக்கிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.' சர்ச்சின் வாரச் செய்தித்தாளிலும் அதையே போட்டார்.

ஊர் படித்தது. ஆர்லிஸே நிறுத்திவிட்டார், நாம் மட்டும் சத்தம் போட்டால் நல்லாவா இருக்கும்? பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர் இறக்கத்தில் கியரைக் கழற்றிவிட்டு, மரத்தைத் தாண்டும்வரை ஆளில்லாத படகு மாதிரி உருட்டிக்கொண்டு போனார். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மணியடிப்பதை விட்டுவிட்டு வாசலில் நின்று கைக்குட்டையை ஆட்டினார். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கையை ஊரே டிவியில் பார்த்தது, ஒலியைக் குறைத்து வைத்து.

குஞ்சு பறந்த பிறகு, ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை, மில்லைத் தாராளமாக ஓட்டலாம் என்பது ஆர்லிஸுக்குத் தெரியவே ஒன்றரை வருடம் ஆனது. யாரும் சொல்லவில்லை, அவர் முடிவில் தலையிட்டால் நல்லாவா இருக்கும்? அதற்குள் வாடிக்கைக்காரர்கள் வேறு மில்லுக்குப் போயிருந்தார்கள். அவர்களும் மரியாதையாகத்தான் போனார்கள். ஆளுக்கொரு கார்டு அனுப்பினார்கள்.

4

படிவத்தின் பன்னிரண்டாம் கட்டம். 'கூடு அமைவதற்கு முன்பே இச்செயல் நடந்துவந்ததா? ஆம் எனில், இடைவிடாது நடந்ததா?'

முதல் கேள்விக்கு ஆர்லிஸே 'ஆம்' போட்டார். இரண்டாவதுக்குப் பேனா இறங்குவதற்குள் டுவேன் வந்து சேர்ந்தான். ஆர்லிஸின் இறந்துபோன கணவரின் தம்பி. வயது ஐம்பத்தெட்டு. (அவனுக்கும் ஆர்லிஸுக்குப் போட்டது போல மரியாதை போட்டுத்தான் ஆரம்பித்தேன். 'டுவேன் வந்து சேர்ந்தார்.' எழுதிவிட்டுப் பார்த்தால் யாரோ பக்கத்து ஊர் மனிதர் மாதிரி இருக்கிறது.)

"இடைவிடாம நடந்துச்சுன்னு டிக் போடுங்க அண்ணி. சோலி முடிஞ்சுது. பர்மிட்டே வேணாம்."*

"நடக்கலையே."

"மாசம் ஒரு தடவை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியிருப்பீங்கல்ல? பெல்ட் இறுகாம இருக்க?"

"இல்ல. கையால சுத்தினேன்."

"கையால சுத்தினாலும் சத்தம் வந்திருக்குமே! அதான் வேணும் நமக்கு."

"துணியைச் சுத்திட்டுத்தான் சுத்தினேன்."

டுவேன் கூரையைப் பார்த்தான். "உஃப் தா" என்றான். சளியிலிருந்து சாவு வரை இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெருமூச்சுதான்.

நானும் என் பங்குக்கு வாயைத் திறந்தேன். "கட்டத்தைக் காலியா விட்டுடலாம். மறந்துட்டோம்னு நினைச்சுப்பாங்க."

"மறக்கலையே" என்றார் ஆர்லிஸ்.

"அண்ணி, ஒரே ஒரு டிக். அதுக்கு அந்தண்டை உங்க மில்லு. யோசிங்க."

"யோசிச்சாச்சு. நான் நிறுத்தினது உண்மை. அவங்க நிம்மதியா இருக்கட்டும்னு நிறுத்தினேன். இப்ப நிறுத்தவே இல்லேன்னு எழுதினா, அந்த மூணு வருஷம் எதுக்கு?"

'இல்லை' என்பதில் அவர் போட்ட டிக், அடியிலிருந்த மேஜை விரிப்பிலும் பதிந்தது.

* இங்கே யாரும் அண்ணி என்று கூப்பிடுவதில்லை. பெயர்தான். ஆனால் அண்ணன் மனைவியைத் தம்பி 'ஏ ஆர்லிஸ்' என்று அழைப்பதாகத் தமிழில் எழுதினால் என் கை கூசுகிறது. டுவேனிடம் கேட்டேன். அண்ணி என்றால் என்ன என்று விளக்கினேன். "நல்லாத்தான் இருக்கு, வச்சுக்க" என்றான்.

5

இந்த இடத்தில் எனக்கு டுவேன் மேல் சந்தேகம் வந்தது. இவன் கதைக்குத் தேவையா? நீக்கிவிட்டு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஆர்லிஸும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காப்பி குடித்தோம். 'இன்னும் கொஞ்சம்?' 'வேண்டாம், போதும்.' 'கொஞ்சமா?' 'சரி, கொஞ்சம்.' இரண்டு பக்கமும் முடிந்துபோனது. தப்பாகப் பேச ஓர் ஆள் இல்லாவிட்டால் இந்த ஊரில் கதையே நகராது. டுவேனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். அவன் போனதே அவனுக்குத் தெரியாது.

அடுத்து வில்லன். மத்திய அரசாங்கத்தின் பறவை அலுவலகத்திலிருந்து பார்வையிட ஆள் வருவதாகக் கடிதம் வந்ததும் கைகளைத் தேய்த்துக்கொண்டேன். 'கறுப்பு வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்கள் —'

மண் அப்பிய பழைய வண்டியிலிருந்து கோரா பெலாஞ்சர் இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் மழைக்கோட்டு, ஒரு ஃபிளாஸ்க், ஒரு மடக்கு நாற்காலி, முக்காலியில் ஒரு தொலைநோக்கி. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பாத்ரூம் எங்க இருக்கு?" வில்லன் கிடைக்கவில்லை. மன்னிக்கவும்.

மில் வாசலில் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லிஸும் டுவேனும் நானும் பின்னால் வரிசையாக, கைகட்டி.

"ஊர்ல யாரும் இல்லையா?" என்றார் கோரா.

"இருக்காங்களே" என்று கிசுகிசுத்தார் ஆர்லிஸ்.

"ஏன் கிசுகிசுக்கிறீங்க?"

"பழக்கம்" என்று கிசுகிசுத்தான் டுவேன்.

அப்போது இறக்கத்தில் மஞ்சள் பஸ் ஒன்று எஞ்சின் அணைந்து, சக்கரம் மட்டும் சரசரக்க, மிதந்து போனது. ஜன்னல்களில் பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு.

கோரா அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். குறிப்பேட்டை மூடினார்.

"நான் ஏர்போர்ட் ஓடுபாதை ஓரத்துல கூடு கட்டின கழுகைப் பார்த்திருக்கேன். குப்பைமேட்டுல, புல்டோசர் கூரை மேல உக்காந்து சாப்பிடற கழுகைப் பார்த்திருக்கேன். சத்தம்னா என்னன்னே தெரியாத கழுகை இன்னிக்குத்தான் பார்க்கறேன். இதை நீங்க லைப்ரரியில வச்சு வளர்த்திருக்கீங்க."

"தப்புங்களா?" என்றார் ஆர்லிஸ்.

"தப்பில்ல. ஆனா இப்ப ரம்பம் ஓடினா இதுக்கு அது புதுசு."

"கொஞ்சம் கொஞ்சமா பழக்கினா?" என்றான் டுவேன். "தினம் ஒரு நிமிஷம். அப்புறம் ரெண்டு."

"பழக்கறதும் தொந்தரவுல வரலாம். அதுக்கும் இதே ஃபாரம்தான்."

டுவேன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வந்தது தும்மல். மூன்று வருடமாக அடக்கிவைத்திருந்த தும்மல் போலிருக்கிறது. மில்லின் தகரக்கூரை அதிர்ந்தது. மேலே, கூட்டின் விளிம்புக்கு மேல், வெள்ளைத் தலை மெதுவாகத் திரும்பியது. ஒரு மஞ்சள் கண் டுவேனைப் பார்த்தது.

கோரா குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். "தலை திருப்பல், ஒன்று."

"மன்னிச்சுடும்மா" என்றான் டுவேன். கோராவிடம் இல்லை.

6

பதினைந்தாம் கட்டம்: 'நீங்கள் பரிசீலித்த மாற்று வழிகள் யாவை? அவற்றை ஏன் கைவிட்டீர்கள்?'

ஒரு கதாசிரியனைப் பார்த்து இவ்வளவு அந்தரங்கமான கேள்வியை எந்த விமர்சகரும் கேட்டதில்லை. எழுதி எழுதிக் கிழித்த முடிவுகளை எல்லாம் வரிசையாக ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். படிவத்தில் எழுதியதையும் எழுதாததையும் சேர்த்தே தருகிறேன்.

ஆகஸ்ட் வரை பொறுப்பது. கட்டை நீலம் பாயும், லாரி முன்னாலேயே வரும். கதையாகப் பார்த்தாலும், நாலு மாதம் சும்மா உட்கார்ந்திருக்கும் முடிவை எந்த ஆசிரியரும் அச்சில் ஏற்ற மாட்டார்.

மில்லை நகர்த்துவது. ரம்பத்தின் அடித்தளம் ஐந்தடி ஆழக் கான்கிரீட். அதைப் பெயர்க்க வெடி வைக்க வேண்டும். வெடிக்கு வேறொரு படிவம்.

திடீரென்று ஒரு ஹெலிகாப்டர். அதிலிருந்து கயிறு. கயிற்றில், முட்டைக்கு இதமான வெப்பத்தில் ஒரு பெட்டியோடு — (படிவத்தில் எழுதவில்லை. உங்களுக்கு மட்டும். சபலம் யாரை விட்டது?)

கைரம்பம். இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஆர்லிஸ் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த இருகை ரம்பத்தை இறக்கி, ஒரு பக்கம் அவர், மறுபக்கம் டுவேன். இரண்டு நாள். ஒரு கட்டை. நாலு பலகை. அதில் ஒரு பலகை ஒரு முனையில் கட்டைவிரல் தடிமன், மறுமுனையில் மணிக்கட்டுத் தடிமன்.

"அண்ணி, என் இடுப்பு..."

"மெதுவா முனகு. மேல கேக்கும்."

"மீதி முப்பது கட்டை. இப்படியே போனா..."

"அறுபது நாள்" என்றேன் நான்.

"என் இடுப்பு அறுபது நாள் வராது. எழுதிக்க. அதான் கைவிட்ட காரணம்."

எழுதிக்கொண்டேன். படிவத்தில் அப்படியே இருக்கிறது: 'டுவேனின் இடுப்பு.'

7

கெடுவுக்கு நாலு நாள் இருந்தபோது, வியாழக்கிழமை, கோரா ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார். ஆர்லிஸும் டுவேனும் முன்பே வந்திருந்தார்கள். நான் காப்பி ஊற்றினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியூர்க்காரர் அல்லவா.

"பர்மிட் அக்டோபர் வாக்குல வரும்" என்றார்.

ஆர்லிஸ் தலையாட்டினார். "திங்கக்கிழமை லாரி."

"தெரியும்."

"நேராவே கேக்கறேன். ரம்பத்தை ஓட்டலாமா, கூடாதா?"

"ஓட்டலாம்னு நான் சொல்ல முடியாது."

"அப்ப கூடாதா?"

"கூடாதுன்னும் சொல்ல முடியாது. ரம்பம் ஓட்டறது குத்தமில்ல. ஓட்டி, அது எழுந்து போய், முட்டை கெட்டுதுன்னா குத்தம். எழுந்து போகலைன்னா ஒண்ணுமே நடக்கல."

"எழுந்து போகுமா போகாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றான் டுவேன்.

"ஓட்டினாத்தான் தெரியும்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

கோரா காப்பியைச் சுழற்றினார். "தும்மலுக்கு எழுந்திருக்கல. அது நல்ல அறிகுறி. ஆனா தும்மலை வச்சு நான் ஒரு ரம்பத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது."

"அப்ப இந்த பர்மிட்தான் எதுக்கு?" என்றான் டுவேன்.

"தப்பா போயிட்டா உங்களைக் காப்பாத்தற காகிதம் அது. தப்பா போகாம தடுக்கற காகிதம் இல்ல."

ஆர்லிஸ் தன் கைகளைப் பார்த்தார். இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. ரம்பத்தோடு வாழ்ந்த கை.

"என்னைக் காப்பாத்தற காகிதம் எனக்கு வேணாம். அந்த முட்டையைக் காப்பாத்தற ஃபாரம் ஏதாவது உங்க ஆபீஸ்ல இருக்கா?"

கோரா இல்லையென்று தலையசைத்தார். வில்லனாக எழுத நினைத்தவரை நான் மிக மோசமாக எடைபோட்டிருந்தேன் என்று அப்போது தோன்றியது. அவர் முகம் அப்படி இருந்தது.

8

சனிக்கிழமை.

என் முப்பது வருடத் தொழில் இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தது. ஆர்லிஸின் விரல்கள் விசையை நோக்கி நீண்டன. மேலே மஞ்சள் கண் இமைக்கவில்லை. ஒரு வினாடி. இரண்டு வினாடி. அவர் —

அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் ஊரில் இல்லை. நகரத்தில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை எனக்குப் பல்வலி கிடையாது.

டாக்டரின் வரவேற்பறையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர் உட்கார்ந்திருந்தார். "பல்லா?" என்றேன். "ஆமா, பல்லு" என்றார், தன்னுடைய கட்டுப்பல்லைக் காட்டி. மதியம் கடைத்தெருவில் பாஸ்டர் ஹாகன் ஒரு தொப்பியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாக அதே தொப்பி. வீட்டுச் சாமான் கடை, வண்டி கழுவுமிடம், பான்கேக் கடை, எங்கே பார்த்தாலும் லுண்டே ஏரிக்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். "நல்ல வெயில்." "ஆமா, கொஞ்சம் காத்து." டுவேன் மட்டும் குழந்தைகளுக்கான நீச்சல் குளத்தில், இடுப்புக்கு நல்லது என்று, கழுத்துவரை இறங்கி உட்கார்ந்திருந்தான்.

யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஊரில் இருந்தது ஒரு மனுஷி, ஒரு கழுகு ஜோடி, முப்பது கட்டை. கேட்டதாகச் சாட்சி சொல்ல ஒரு காதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஆராதனையைப் பாஸ்டர் பக்கத்து ஊர் சர்ச்சுக்கு மாற்றியிருந்தார். திங்கட்கிழமை லாரி வந்தது. வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. போகும்போது அதில் என்ன இருந்தது என்று கவனித்தவர் யாரும் கிடையாது. முதுகைத் திருப்பிக்கொண்டு வேலி சரிசெய்வது அன்று எல்லோருக்கும் அவசரமாக இருந்தது.

9

இதை முடிக்கிற மாதிரி எழுதிக்கொண்டு ஆர்லிஸிடம் போனேன். இரண்டு முடிவும் கையில் இருந்தன. எது வேண்டுமோ சொல்லுங்கள் என்றேன்.

"ஓட்டினேன்னு எழுதினா ஆபீஸ்ல படிப்பாங்க."

"தமிழ்ல எழுதறேன். யார் படிப்பா?"

"இப்பல்லாம் மெஷினே மொழிபெயர்க்குதாமே."

"சரி, ஓட்டலைன்னு எழுதறேன்."

"அது பொய்யா இருந்தா? ஃபாரத்துல பொய் சொல்லாதவ கதையில சொல்லணுமா?"

"உண்மையா இருந்தா?"

"அப்ப ஊரே என்னைப் பாவம்னு பார்க்கும். அதுக்கு ஜெயில் மேல்." பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "காப்பி?" என்றார்.

ஆக, முடிவு இல்லை. மில்லை விற்கப்போகிறாரா என்று நான் கேட்கவும் இல்லை, கேட்டால் நல்லாவா இருக்கும்? எனக்குக் கண்ணால் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். ஜூலைக் கடைசியில் அந்தக் கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகள் பறந்தன. ஒன்று நன்றாகப் பறந்தது. ஒன்று என் கூரையில் மோதியது. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில், புதுத் தரையில், ஊர் விருந்து. பைன் வாசனை உருளைக்கிழங்கு வாசனையை அமுக்கியது. கோராவையும் அழைத்திருந்தார்கள்.

அவர் சாப்பிட்டு முடித்து, காலணியைக் கழற்றி, காலால் தரையைத் தடவிப் பார்த்தார். "அருமையான தரை. எங்க அறுத்தது?"

அறுபது பேர் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். "மழை வர்ற மாதிரி இருக்கே" என்றார் பாஸ்டர். ஆர்லிஸ் எழுந்து போய்க் காப்பிப் பாத்திரத்தைத் துடைத்தார். முன்பே பளபளவென்று இருந்த பாத்திரம்.

கோரா சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "ஆமா, மழை வரும்" என்றார். "அந்தக் கேக்கை இங்க தள்ளுங்க."

கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. வட்ட ரம்பம் அறுத்த பலகையில் பிறை பிறையாக வளைந்த கோடு விழும். பெரிய மில்லில் ஓடுவது பட்டை ரம்பம். அதன் கோடு நேராக நிற்கும். மேல்பக்கத்தை இழைத்து மெருகேற்றிவிட்டார்கள், அங்கே ஒன்றும் தெரியாது. அடிப்பக்கத்தை யாரும் இழைப்பதில்லை. இந்தக் கதையின் கடைசி வரி அங்கேதான், தரையைப் பார்த்துக் கவிழ்ந்து, ஆணியடித்துக் கிடக்கிறது.

ஒரு பலகையைப் பெயர்த்தால் போதும். அதற்கு, அதன் மேல் நாற்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இருந்துவிட்ட என்னால் அது முடியாது. நீங்கள் வெளியூர். கேட்டுப் பாருங்கள்.